கிலோ இருபத்தாறு

வாளையார் சோதனைச்சாவடிக்கு எதிரே
பத்தொன்பது வருஷம் கடை.
போர்டில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
விற்றது நேரம்.
அதுவும் அடுத்தவர் நேரம்.

படிவம் மூன்று பிரதி. முத்திரை இரண்டு.
மூன்றாம் பிரதியின் மடிப்புக்குள்
ஒரு நோட்டு.
எவ்வளவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை,
எல்லா ஓட்டுநருக்கும் தெரியும்.

சிமெண்டுக்கு ஐம்பது. சிமெண்ட் பொறுக்கும்.
வெங்காயத்துக்கு நூறு.
தக்காளிக்கு இருநூறு, மழை பிடித்தால் முந்நூறு.
ராமேஸ்வரத்து மீனுக்கு
ஐஸ் உருகும் கணக்கில்.
கோழிக்குஞ்சுக்குப் பேரமே கிடையாது,
கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.
யாரும் உட்கார்ந்து தீர்மானித்த பட்டியல் அல்ல இது.
எது சீக்கிரம் சாகுமோ
அது அதிகம் கொடுத்தது, அவ்வளவுதான்.

சுகுணன் சாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.
சபரிமலைக்கு மாலை போட்டால்
நாற்பத்தொரு நாள் கை நீட்டமாட்டார்.
அந்த நாற்பத்தொரு நாளும்
வரிசை மலையடிவாரம்வரை போகும்.
எல்லாரும் சமம்.
சிமெண்டுக்குப் பின்னால் குஞ்சு.

அப்படியொரு கார்த்திகை இரவில்
கணவாய்க் காற்று தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டிருந்தபோது
பல்லடத்து மாரப்பன்
தட்டுத் தட்டாக என் கடை வாசலில் இறக்கினார்.
ஒருநாள் வயசு. சத்தமில்லாத மஞ்சள்.
எண்ணினோம், எழுநூறுக்கு மேல் எண்ணவில்லை.
அவருக்குக் கோபம்கூட வரவில்லை.
"அந்தச் சாமி எரநூறு வாங்கிட்டு
விட்டிருக்கலாம்ல அண்ணா" என்றார்.
நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.
படிவத்துக்குக் காசு வாங்கினேன்.

பிறகு ஒரு ஜூலை முதல் தேதி, நடுராத்திரி
வரியெல்லாம் ஒன்றாகிவிட்டது என்றார்கள்.
மேலே போன கம்பி
இறங்கவில்லை.
லாரிகள் என் கடையைத் திரும்பிப் பார்க்காமல் போயின.

எங்களுக்குச் சங்கம் இருந்தது.
டீக்கடை, பஞ்சர் கடை, புரோக்கர்
மொத்தம் நாற்பத்திரண்டு பேர்,
நாற்பத்திரண்டு பெயர், நாற்பத்திரண்டு ஓட்டு.
பந்தல் போட்டோம். இரண்டு கொடியும் வந்தது.
ஒருவர் நஷ்டஈடு என்றார்,
மற்றவர் இரண்டு மடங்கு என்றார்.

ஒற்றப்பாலத்தில் அரைக்கிலோ தக்காளி வாங்குகிறவளுக்கு
இரண்டு ரூபாய் மிச்சம்.
மிச்சமென்று அவளுக்குத் தெரியாது.
அவளுக்குச் சங்கம் இல்லை, பந்தல் இல்லை.
அவளைப்போல் எத்தனை லட்சம் பேரோ
அன்று அடுப்படியில் இருந்தார்கள்,
நாங்கள் நாற்பத்திரண்டு பேர் மக்களாக இருந்தோம்.
மைக்கில் நானும் பேசினேன்.
எங்கள் வயிற்றில் மண் விழுந்தது என்றேன்.
பொய் இல்லை.
அந்த மண்ணில் எழுநூறு குஞ்சு கிடந்ததை
விட்டுவிட்டேன்.

போன மாசம் துளசிமணி மத்தி வாங்கி வந்தாள்.
பொன்னானி மீன், கண் இன்னும் கண்ணாடி.
"இப்பெல்லாம் மீன் கெடறதே இல்ல, என்னமோ" என்றாள்.
முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது லாட்டரி விற்கிறேன்.
கிழக்கே தடை, மேற்கே கடை,
நடுவில் பஸ் டிக்கெட் தூரம்.
கோயம்புத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்,
சட்டம் அவர்களைத் திருத்தி
என்னிடம் அனுப்பிவைக்கிறது.
தடை நீடிக்கட்டும் என்று
எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொண்டதில்லை.
ஆனால் காலையில் பேப்பரை
மெதுவாகத்தான் பிரிக்கிறேன்.

கம்பியைச் சொல்ல மறந்துவிட்டேன்.
ஏலம் விட்டார்கள்.
கறுப்பும் மஞ்சளும் பெயிண்ட், அறுபத்துமூன்று கிலோ.
தத்தமங்கலத்துப் பழைய இரும்புக்காரன் எடுத்தான்,
கிலோ இருபத்தாறு.
இருபத்தைந்துவரை
நானும் கை தூக்கினேன்.